ஒன்றியத்துக்கு ஒரு சிறப்புப் பள்ளி கட்டினால் போதுமா?

ஜூன் 8, 2025. கேள்வி (வள்ளியூர் பக்கத்து அம்மா ஒருவர்)

என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம். பக்கத்துப் பள்ளியில் பெயர் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் வந்து கூட்டிப்போகச் சொல்கிறார்கள். பாளையங்கோட்டைச் சிறப்புப் பள்ளிக்குத் தினமும் அலைய என்னால் முடியாது. அரசாங்கம் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு சிறப்புப் பள்ளி கட்டிவிட்டால் எங்கள் கஷ்டம் தீர்ந்துவிடுமே, ஏன் கட்டமாட்டேன் என்கிறார்கள்?

ஜூன் 8, இரவு

தங்கச்சி, முதலில் பையன் விஷயம். பதினொரு மணிக்குக் கூட்டிப்போகச் சொல்ல எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 31: நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். அரை நாள் என்று எங்கும் எழுதவில்லை. நாளைக்குப் போய், "எழுதிக் கொடுங்கள் சார், வாங்கிட்டுப் போறேன்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். பையன் மாலை வரை இருப்பான்.

ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி என்பதைப் பற்றி நாளை எழுதுகிறேன். நான் களக்காடு, நாங்குநேரி பக்கம் வேன் ஓட்டுகிறவன். பகல்நேர மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் விடுவதுதான் வேலை. என் அண்ணன் மகளும் அதே வண்டியில்தான் வருகிறாள், அவளுக்கு மூளை முடக்குவாதம். ஸ்டியரிங் பக்கமிருந்து பார்த்ததைத்தான் எழுத முடியும்.

ஜூன் 9

தென்காசி பிரிந்த பிறகு நம் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியம். ஒன்பது கட்டடம் கட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நாங்குநேரியில் கட்டினால் மூலைக்கரைப்பட்டிப் பிள்ளைக்கு அது பக்கம் கிடையாது. ராதாபுரத்தில் கட்டினால் உவரிக்காரருக்கு வேன் வேண்டும். வேன் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மேஜையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். ஆனால் வேன் நேராகப் போவதில்லை. ஒவ்வொரு தெருவிலும் நிற்க வேண்டும். ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து தூக்கி வந்து, உட்காரவைத்து, நெஞ்சுக்குப் பெல்ட் கட்டி, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்து எடுக்கப் பத்து நிமிடம் ஓடிவிடும். முதலில் ஏறுகிற பிள்ளை கடைசிப் பிள்ளை ஏறும்வரை வண்டியிலேயே கிடக்கிறது. அரை மணி நேர ரோடு அதற்கு ஒன்றரை மணி நேரம்.

என் வண்டியில் ஒரு பையன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்வான். வேகத்தடை எங்கே வரும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு வலிப்பு உண்டு. வெயில் ஏறிய பிறகு வண்டியில் அதிக நேரம் இருந்தால் வந்துவிடும். அவனுடைய ஆச்சி ஒவ்வொரு நாளும், "பைய ஓட்டுங்க அண்ணாச்சி" என்பாள். பைய ஓட்டினால் பள்ளிக்கு நேரமாகும். வேகமாக ஓட்டினால் பையன் தாங்கமாட்டான்.

ஆகவே "இடம்" என்று நான் சொல்வது நாற்காலி போட்ட வகுப்பறையை அல்ல. பிள்ளை அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த இடத்தில் அதற்குச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு இருக்க வேண்டும், கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும்.

ஜூன் 11

"எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே திட்டம் போட முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். மக்கள்தொகையில் சுமார் 1.6 சதவீதம். யுனிசெஃப் 2021இல் சொன்னது, உலகம் முழுக்கப் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதோவொரு குறைபாடு உண்டு, மொத்தம் 24 கோடி. இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல, அது தெரியும். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் விழுந்துகிடப்பார்கள்! 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன.

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, அவர்களுடைய தேவை என்ன, அது நிறைவேறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. முதல் கணக்கெடுப்பு, சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டு ஆண்டுக்குள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல். தேவை என்ன என்கிற அந்தப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலையை எண்ணுவது சுலபம். இந்தப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி, அந்தப் பிள்ளைக்குப் பிரெய்ல், மற்றொன்றுக்கு வேனில் துணைக்கு ஒரு ஆள் என்று ஊர்வாரியாக எழுதினால்தான் அது திட்டம்.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எண்ணினால் பள்ளிக்கு வந்த பிள்ளையைத்தான் எண்ண முடியும். சான்றிதழை வைத்து எண்ணினால் சான்றிதழ் வாங்க முகாமுக்கு வர முடிந்த பிள்ளையைத்தான் எண்ண முடியும். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயது ஆன பிறகே சான்றிதழ். அதற்குள் மூன்றாம் வகுப்பு வந்துவிடுகிறது, "மக்குப் பயல்" என்ற பெயரும் வந்துவிடுகிறது.

ஆனால் பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளையையும் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தடுப்பூசி போடுகிற கிராம சுகாதார செவிலியர், எடை பார்க்கிற அங்கன்வாடி டீச்சர். எந்த வீட்டில் கழுத்து நிற்காத பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை இருக்கிறது என்று கேட்டால் குறிப்பேட்டைப் பார்க்காமலே சொல்வார்கள். நான் புதுப் பிள்ளைகளின் வீட்டைக் கண்டுபிடிப்பதே அங்கன்வாடி அக்காவிடம் விசாரித்துத்தான். அந்த நோட்டு சுகாதாரத் துறையிலும் சமூக நலத் துறையிலும் இருக்கிறது. இடம் தர வேண்டியது பள்ளிக்கல்வித் துறை. இன்று இரண்டு வயதில் இருக்கும் பிள்ளைக்கு 2029இல் பள்ளியில் இடம் வேண்டும் என்பது இன்றே தெரிந்த சங்கதி. நான்கு வருடம் கையில் இருக்கிறது. ஜூன் மாதம் பிள்ளை வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஆள் தேடுகிறார்கள்.

ஜூன் 14

சாய்வுதளம் எல்லாப் பள்ளியிலும் கட்டிவிட்டார்களே என்று ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார். கட்டியிருக்கிறார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதுதான் விதி. நான் பிள்ளையை இறக்கிவிடும் ஒரு பள்ளியில் ஒன்றரை அடிப் படிக்கு நாலைந்து அடியில் சாய்வுதளத்தை முடித்துவிட்டார்கள். கைப்பிடி ஒரு பக்கம்தான். இறங்குகிற இடத்தில் சத்துணவுக்கூடத்துத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். நாற்காலியை நான் பின்னாலிருந்து நெஞ்சை முட்டுக்கொடுத்துத்தான் தள்ளுகிறேன். பிள்ளை தானாக ஏறவே முடியாது. பக்கத்துக் கழிப்பறைக்குள் உடைந்த பெஞ்சுகள். இரண்டையும் "உண்டு" என்று பதிந்திருப்பார்கள். மேலே இருப்பவர்கள் பார்க்கிற கணக்கில் அந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது.

சாவி வைத்திருக்கும் ஆயாவிடம் கேட்டேன். "பெஞ்சப் போட வேற இடம் எங்க இருக்கு?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஜூன் 17

பாளையங்கோட்டையில் மட்டும் ஏன் எல்லாம் இருக்கிறது என்ற கேள்விக்கு.

அரசாங்கம் வரைபடம் போட்டு வந்தது அல்ல அது. பார்வையற்றோர் பள்ளி 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கியது. காது கேளாதோர் பள்ளி 1897இல் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கியது. மிஷன் எங்கே இருந்ததோ அங்கே பள்ளி வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகத் தென் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அங்கே வந்து விடுதியில் தங்கிப் படித்திருக்கிறார்கள், படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த அம்மையார்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியும் அப்படித்தான். கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தன் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் ஊர் ஆய்க்குடி என்பதால் அங்கே வந்தது. அவர் களக்காட்டுக்காரராக இருந்திருந்தால் என் வண்டிப் பிள்ளைகளின் கதையே வேறு. நல்ல மனிதர் எந்த ஊரில் பிறந்தாரோ அந்த ஊர்ப் பிள்ளைக்கு இடம் உண்டு, மற்ற ஊர்ப் பிள்ளைக்கு இல்லை என்பதை எத்தனை காலம் திட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பது?

ஜூன் 18

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் விடுதிப் பள்ளிகளே வேண்டாம் என்கிறீர்களா?" என்று காது கேளாத மகளின் அப்பா ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை அண்ணாச்சி. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

காது கேளாத பிள்ளையின் நிலைமை வேறு. சைகை மொழி பேசச் சுற்றி நாலு பேர் இல்லாவிட்டால் மொழியே வராது. ஊர்ப் பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் அது ஒன்றுதான் இருக்கும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அதற்கு வகுப்பே முடிந்துபோயிற்று. மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு வயதில் சில பிள்ளைகள்தான் இருப்பார்கள். அவர்களை ஓரிடத்தில் சேர்த்தால்தான் பேச்சுத்துணையும் கிடைக்கும், தகுந்த ஆசிரியரும் கிடைப்பார். பாளையங்கோட்டைப் பள்ளி விடுமுறை நாளில் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் பஸ்ஸின் இரண்டு பக்க ஜன்னலிலிருந்தும் கையாலேயே பேசிச் சிரிக்கிற சிரிப்பை. அந்த அப்பா தன் மகளைச் சரியான இடத்தில்தான் சேர்த்திருக்கிறார்.

ஆனால் இதுவும் மாறிக்கொண்டே வருகிறது. ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (காதுக்குள் வைக்கிற கேட்புக் கருவி) இலவசமாகப் பொருத்துகிறார்கள். பொருத்திய பிறகு தொடர்ந்து பேச்சுப் பயிற்சி கிடைத்தால் பலர் சாதாரணப் பள்ளிக்கே போய்விடலாம். பயிற்சி கிடைக்காவிட்டால் கருவி பெட்டிக்குள் போய்விடும். அப்படியானால் இன்று தேவைப்படுகிற இடம் விடுதியில் அல்ல, களக்காட்டில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். ஒருமுறை போட்ட திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்ட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒன்பதாம் தேதி எழுதிய அரை மணி நேரக் கணக்கை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. காது கேளாமைக்கும் பார்வையின்மைக்கும் பெற்றோர் விரும்பினால் நல்ல விடுதி, விரும்பாவிட்டால் ஊரிலேயே ஆசிரியர்.

ஜூன் 22

ஆசிரியர் கணக்கு. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தெளிவாகவே சொன்னது. தொடக்கப் பள்ளியில் பத்து சிறப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர். 2025 மார்ச்சில் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவு போட்டது.

நம் பக்கம் நடப்பது வேறு. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார். இன்றைக்கு இந்தப் பள்ளி, நாளைக்கு வீட்டுவழிப் பயிற்சி, அடுத்த நாள் முகாம். அவர் வருகிற அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வாரம்தான். தொகுப்பூதியம். நிரந்தரம் இல்லை. சொந்தப் பெட்ரோலில் மலையடிவாரம் வரை போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இவர்களுக்குச் சம்பளம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியிலிருந்து. 2024-25க்கு மத்திய அரசு தர வேண்டிய சுமார் 2,152 கோடி வரவில்லை. பிஎம்ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று நிறுத்திவைத்தார்கள். மாநில அரசு மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. எந்தக் கட்சிக்காரர் எந்தப் பக்கம் என்று இங்கே சண்டை போடாதீர்கள், தயவுசெய்து. ஒரு பிள்ளையின் இடம் வருடா வருடம் வருமா வராதா என்ற பணத்தில் நிற்கிறது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

அந்தத் திட்டத்தில் ஒரு சிறப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். பள்ளி 220 நாள் என்று வைத்தால் நாளைக்குப் பதினாறு ரூபாய்கூட வராது. நான் டீசல் போடுகிறவன், எனக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 25

துணையாளர் படி கொடுக்கிறார்களே, அம்மாக்களே கூட்டிப்போகலாமே என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, எங்கள் பக்கம் அந்த அம்மா விடிந்தால் வாழைத்தோட்டத்துக்குப் போக வேண்டும். முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கம் என்றால் பீடி இலையும் தட்டும் மடியில் இருக்கும். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி. பள்ளி வாசலில் மாலை வரை உட்கார்ந்திருந்தால் இரவு உலை கொதிக்காது.

அப்புறம், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த ஒன்று. வண்டியிலிருந்து முதலில் நின்றுபோவது பெண்பிள்ளைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். வயதுக்கு வந்த பிறகு துணி மாற்றிவிடப் பள்ளியில் பெண் ஆள் இல்லை. அம்மாக்கள் வாசலில் நின்று, "இனி வரமாட்டா அண்ணே" என்பார்கள். காரணம் சொல்லமாட்டார்கள். என் மதினியும் அப்படித்தான் நிறுத்தப் பார்த்தார்கள். மையத்தில் ஆயாவாக ஒரு அக்கா சேர்ந்த பிறகுதான் என் அண்ணன் மகள் திரும்ப வந்தாள். பெண்பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அந்த 200ஐவிட அந்த அக்காவின் சம்பளம்தான் அவளைப் பள்ளியில் வைத்திருக்கிறது. இடங்களைத் திட்டமிடுகிறவர்கள் ஆயா பணியிடத்தைக் கடைசி வரியில் எழுதுகிறார்கள். முதல் வரியில் எழுத வேண்டும்.

ஜூலை 2

லண்டன் பக்கம் இருக்கும் நம் ஊர்க்காரர், "இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதிச் சட்டப்படி கொடுக்கிறார்கள், நாமும் அப்படிச் செய்யலாம்" என்கிறார். படித்துப் பார்த்தேன். 2014 சட்டம். பிள்ளைக்கு என்ன தேவை, யார் தருவது என்று எழுதி உள்ளாட்சி கையெழுத்துப் போடுகிறது. பெற்றோர் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் காகிதம் நமக்கும் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் 6,38,000 பேருக்கு மேல் அந்தத் திட்டம் இருந்தது.

ஆனால் பக்கத்தில் இடம் இல்லாததால் பிள்ளைகளை டாக்சியிலும் வேனிலும் தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் போக்குவரத்துச் செலவு மட்டுமே ஆண்டுக்கு நூறு கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. இந்த ஏற்பாடு நிதியளவில் தாங்காது என்று அவர்களுடைய தணிக்கை அலுவலகமே 2024 அக்டோபரில் எழுதிவிட்டது. ஆக, காகிதத்தில் உரிமையும் வேண்டும், அதற்கு முன்னாலேயே பக்கத்தில் இடமும் வேண்டும். பணக்கார நாடே வேன் செலவில் திணறுகிறது என்றால் நாம் இடத்தை ஊருக்குப் பக்கத்தில் வைப்பதுதான் செலவும் குறைவு.

ஜூலை 3

மாஞ்சோலை பற்றி யாரும் எழுதவில்லை. நாலுமுக்கு, ஊத்து வரை மலை ரோடு எப்படி இருக்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். அங்கே எந்த வேனாலும் தினமும் பிள்ளையைக் கூட்டிவர முடியாது. வீட்டுவழிப் பயிற்சி என்று சட்டத்தில் இருப்பது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. ஆனால் சமவெளியில், பள்ளிக்கு எட்டு நிமிட தூரத்தில் இருக்கிற பிள்ளையையும் அந்தப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள், பள்ளிக்குத் தொந்தரவு குறையும் என்று. பட்டியலில் உங்கள் பிள்ளை பெயர் இருந்தால், யார் கேட்டு எழுதினார்கள் என்று கேளுங்கள்.

ஜூலை 9

வள்ளியூர்த் தங்கச்சி எழுதியிருக்கிறார்கள்: பையன் இப்போது மூன்று மணி வரை பள்ளியில் இருக்கிறான். எழுதித் தரச் சொன்னதுமே பேச்சு மாறிவிட்டதாம். ஆனால் கடைசி பெஞ்சில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறானாம். பயிற்றுநர் இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. அடுத்து என்ன செய்ய என்று கேட்கிறார்கள்.

வட்டார வள மையத்துக்கு ஒரு மனு. பையனுடைய எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை கொடுத்திருக்கும் மாணவர் எண்), அடையாள அட்டை எண் இரண்டையும் எழுதுங்கள். சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார், பேச்சுப் பயிற்சி எங்கே, போக்குவரத்துப் படி உண்டா, தனிநபர் கல்வித் திட்டம் எழுதியாயிற்றா, எழுதியிருந்தால் நகல் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அதே மனு.

அதோடு ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. அதற்குள் உங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரையும் செவிலியரையும் போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், அது அவரவர் வீட்டு விஷயம். ஐந்து வயதுக்குள் எத்தனை பேர், எந்த மாதிரித் தேவை என்று எண்ணிக்கை மட்டும் வாங்குங்கள். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: இந்த ஊராட்சியில் 2029க்குள் இத்தனை பிள்ளைகளுக்கு இன்ன இன்ன வசதியோடு இடம் வேண்டும் என்று. சபையில் நிறைவேறிய தீர்மானம் கோப்பில் ஏறிவிடும், பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் நானும் என் அண்ணனும் இந்த முறை கொடுக்கிறோம். வடிவம் வேண்டுமென்றால் தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நகலில் ஊராட்சி முத்திரை வாங்காமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.